டயட் கிச்சன்

இருபத்தொன்பது வருஷம்
பெரிய ஆஸ்பத்திரியின் டயட் கிச்சனில்
உப்பில்லாமல் சமைத்தார் அப்பா.
கிட்னிக்கு ஒரு சாம்பார், இதயத்துக்கு ஒன்று,
சர்க்கரைக்குக் கோதுமைக் கஞ்சி.
கல்கத்தாவில் ரயிலேறிக்
காட்பாடியில் இறங்கி வந்தவர்கள்
முதல் கவளத்திலேயே முகம் சுளிப்பதை
வார்டு வாசலில் நின்று பார்ப்பாராம்.
"பேரு கேட்டா தெரியாது.
பதினேழாம் பெட்டுன்னா தெரியும்.
அவுருக்குப் பருப்பு ஆகாது."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருடையது.
ஆராதனை முடிந்தால் சைக்கிள்
நேரே தோட்டப்பாளையம் திரும்பாது.
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயும்
தாளில் சுற்றிய நெத்திலிக் கருவாடும்
பாட்டுப் புத்தகப் பையிலேயே வந்து சேரும்.
எண்பத்தோராம் பாட்டில்
இன்னும் அந்த வாசம் இருக்கிறது.

காம்பு முள் குத்தினால்
விரலைச் சப்பிக்கொண்டே சிரிப்பார்,
"இன்னா கோவம் பாரு இதுக்கு."

உப்பை அளக்க மாட்டார்.
ஆறு நாள் போடாததையெல்லாம்
ஒரே சட்டியில் போடுவார்.
கருவாட்டு உப்பு, அதன்மேல் கல்லுப்பு,
போதாதென்று தட்டோரம் ஊறுகாய்.
அம்மா ஒன்றும் சொல்லாமல்
ஒரு உருளைக்கிழங்கை வெட்டி
குழம்பில் நழுவவிடுவாள்.
அவரும் ஒன்றும் சொல்லாமல்
அதைத் துழாவி எடுத்து என் தட்டில் வைப்பார்.
கிழங்கு எப்பவும் எனக்கே என்று
எஸ்தர் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுவாள்.
வெளியே மே மாதம்.
பாலாறு மணலாய்க் கிடக்கும், கோட்டைச் சுவர் அனல் கக்கும்.
மூக்கு ஒழுக ஒழுகத் தின்று
பானையைக் காலி செய்வோம்.

ரிட்டையர் ஆன மூன்றாம் வருஷம்
கால் வீங்கியது.
கவரைப் பிரிக்கும் முன்பே சொன்னார்,
"கிரியாட்டினின் நாலு தாண்டியிருக்கும்."
நாலரை.
"ஏசுபாதம், அறுபத்தொண்ணு" என்று கூப்பிட்ட பெண்
வேலைக்குப் புதிது.
காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு
மறுபடி வேகவைக்கணும் என்று
விரல் விட்டு விளக்கினாள்.
சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டார்.
ஒரு சந்தேகம்கூடக் கேட்டார், பாவம்,
அவள் பதில் சொல்லட்டும் என்று.

பதினான்கு மாதம் நான் சமைத்தேன்.
ஒருநாள் கவளத்தை வாயில் அடக்கி
வெகுநேரம் விழுங்காமல் இருந்தார்.
"இதத்தான் அவுங்களுக்குக் குடுத்துகினு இருந்தேனா"
என்றார்.
என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
"நல்லாத்தான் கீது.
எலுமிச்ச மட்டும் எறக்கினப்புறம் புழி."

அடக்கம் முடிந்து
பக்கத்து வீட்டு டிபன் கேரியர்கள்
நின்றுபோன முதல் ஞாயிறு.
எஸ்தர் குடியாத்தத்திலிருந்து கருவாட்டோடு வந்தாள்.
நான் கத்திரிக்காய் அரிந்தேன்.
முள் குத்தியது.
அம்மா அன்று கிழங்கு வெட்டவில்லை.

முதல் வாய் எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.
"உப்பு போட்டியாடி?"
எஸ்தர் போட்டிருந்தாள்.
அவள் கொல்லைக்குப் போன நேரம்
நானும் ஒரு கை போட்டிருந்தேன்.
"பத்தல" என்றாள் அம்மா.
ஜாடியை இழுத்து
மூன்று தட்டிலும் தூவினாள்.

அன்று ராத்திரி முழுக்க
விளக்குப் போடாமல்
ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்துபோய்த்
தண்ணீர் குடித்தோம்.