நூல் உட்காரும் சந்து

வலது காலில் இருந்துதான் எலும்பு எடுத்தார்கள்.
மெஷின் மிதிக்கிற கால்.
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.
அதை மூன்றாய் வெட்டி, வளைத்து,
மேல்தாடை இருந்த பள்ளத்தில் பொருத்தினார்கள்.
நானும் காலரை அப்படித்தான் வளைப்பேன்,
உட்புறம் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்து.

கெட்ட கட்டி இல்லை என்றார்கள் இபாதானில்.
இல்லைதான்.
போகும்போது எட்டுப் பல்லைக் கூட்டிக்கொண்டு போனது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
எனக்குப் போனது ஓர் எழுத்து,
என் மகள் பெயரின் முதல் எழுத்து.
ஃபாதெகெமி.
மேல்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் அவள் வருவாள்.
மூன்று வருஷம்
கத்தரிக்கோலால் மேசையைத் தட்டிக் கூப்பிட்டேன்.
வருவாள்,
பதினான்கு வயசுக் கோபம் முன்னால் வர.

அபெயோகுத்தாவில் செப்டம்பர் என்றால் யூனிஃபார்ம்.
முகத்தில் துணி கட்டிக்கொண்டு அளவெடுத்தேன்.
ஒவ்வொரு பொத்தானுக்கும் கத்தரியைத் தேடினேன்.
அது எப்போதும் துணிக்கு அடியில்.

இரண்டாவது மெஷினை விற்ற பணம்
நாலு டைட்டானியம் திருகாணி ஆயிற்று.
எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ள ஐந்து மாதம்.
டாக்டர் எபியேரே ஒரு கம்பியால் தட்டினார்.
"சத்தம் கேட்கிறதா? பிடித்துவிட்டது."
எனக்குத் தெரிந்த சத்தம்:
ஊசி தவறி இரும்பில் படுவது.

பல் செய்த சுலைமோன் சந்தே இல்லாமல் செய்திருந்தார்.
கண்ணாடியில் யாரோ வங்கி அதிகாரி சிரித்தாள்.
கழற்றிக் கொடுத்துவிட்டேன்.
நடுவில் சந்து வேண்டும்.
எங்களுக்கு அது எஜி; அது இருந்தால் அழகி.
நான் கேட்டது அழகுக்காக இல்லை
(கொஞ்சம் அதற்காகவும்தான்).
இருபது வருஷம் நூல் உட்கார்ந்த இடம் அது.
முனகிக்கொண்டே
மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பித்தார் சுலைமோன்.

"சுட்ட சோளம் சாப்பிடலாம், உதிர்த்து.
இறைச்சி, மெதுவாக.
நூல் மட்டும் கடிக்கவே கூடாது."
நல்ல பிள்ளையாய்த் தலையாட்டினேன்.

சாப்பிடும்போது இப்போதும்
மேசைக்கு அடியில் வலது பாதம் தானாய் மிதிக்கிறது.
தாடைக்குப் போனது இன்னும்
வேலைக்குக் கிளம்பிய நினைப்பில் இருக்கிறதோ என்னவோ.

நேற்று அவள் சட்டைக்குக் கடைசிப் பொத்தான்.
நூலைச் சந்தில் வைத்தேன்.
கடிக்கவில்லை. வைத்துத்தான் பார்த்தேன்.
மெழுகு வாசனை. பழைய கூச்சம் இல்லை,
பீங்கானுக்கு ஏது கூச்சம்.
எடுத்துவிட்டுச் சொன்னேன்:
ஃபாதெகெமி, கத்தரியைக் கொடு.

கொடுக்கவில்லை.
என்ன சொன்னாய், கேட்கவில்லையே என்றாள்,
என் தோளை ஒட்டி நின்றுகொண்டு.