துளைக்குத் தீர்வை

சஹார் சரக்கு முனையம், ஏழாம் எண் பரிசோதனை மேசை.
ஜூலை. தகரக் கூரையில் மழை,
மழைக்கும் மேலே இறங்கிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு தோஹா.
நாடாவைக் கிழித்தது பிங்ளே.
கழுத்தை நீட்டியது நான்.

சரக்குச் சீட்டில் மரக்காற்றுக் கருவிகள், நான்கு உருப்படி.
நுரைப் பஞ்சுக்குள்
தும்பிக்கை மடித்த குட்டியானை மாதிரி
மஞ்சளாக ஒன்று படுத்திருந்தது.

"சாக்ஸபோன். பித்தளைதானே?"
"ஆமாம் மேடம்."
"மரம் என்று எழுதியிருக்கிறீர்கள்."

பாஸ்கல் டாப்ரே, வசாய்க்காரர்,
கல்யாண பேண்டு நடத்துகிறவர்,
பதில் சொல்லவில்லை.
சட்டைப்பையிலிருந்து ஒரு சில்லை எடுத்து
நாக்கில் வைத்துக்கொண்டு
பொறுங்கள் என்று ஒரு விரலை உயர்த்தினார்.
அரசாங்கத்தை இப்படிக் காக்கவைக்க
துணிச்சல் வேண்டும், அல்லது எச்சில்.

நாணல் ஊறும்வரை மற்றவற்றைப் பார்த்தேன்.
புல்லாங்குழல், வெள்ளி.
பள்ளிப்பிள்ளைகள் ஊதும் ரெக்கார்டர், குளியலறை வாளியின் பிளாஸ்டிக்.
கிளாரினெட் மட்டும் கருமரம், ஆப்பிரிக்காவில் வெட்டியது.
அதற்கு அனுமதிச் சான்று வேண்டுமா என்று
பிங்ளே சுற்றறிக்கையைப் புரட்டினான்.
மரக்குடும்பத்தில் மரம் ஒன்றே ஒன்று.
மற்றதெல்லாம் பெயரை வைத்துக்கொண்டு
சொத்தை விற்றுத் தின்றவர்கள்.

"முதலில் வந்தது எது மேடம்? குழலா கொட்டா?"
பிங்ளேவுக்கு எப்போதும் இலாகா சாராத சந்தேகம்.
போனில் தேடி அவனே வாசித்தான்:
ஜெர்மனியில் ஒரு குகை, ஏறக்குறைய நாற்பதாயிரம் வருஷம்,
பிணந்தின்னிக் கழுகின் சிறகெலும்பில் ஐந்து துளை.
அது என் மேசைக்கு வந்திருந்தால்
கழுகு அட்டவணையில் இருக்கிறது என்று
வனவிலங்குப் பிரிவுக்குத் தள்ளிவிட்டு
டீ குடிக்கப் போயிருப்பேன்.

சில்லை வாயிலிருந்து எடுத்தார் டாப்ரே.
"மேடம், இது மூங்கிலுக்குத் தங்கச்சி.
துடிப்பது இதுதான். பித்தளை சும்மா கூடவரும்.
டிரம்பெட்டில் உதடு துடிக்கும், அது வேறு வம்சம்."
"புல்லாங்குழலில் சில்லே கிடையாதே?" பிங்ளே விடவில்லை.
"அதில் காற்று விளிம்பில் மோதிக் கிழியும்.
ஒரு பாதி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்."

கட்டைவிரல் நகத்தின் அகலம்தான் இருந்தது அந்தச் சில்லு.
மாதுங்காவில் என் கல்யாணத்தன்று
நாயனத்தில் தொங்கிய சீவாளிக் கொத்தைக்
குஞ்சம் என்று நினைத்து,
போட்டோவில் அழகாக விழட்டும் என்று
நேராக்கப் போனவள் நான்.
நாயனக்காரர் இரண்டடி பின்வாங்கியது
இன்றைக்குத்தான் புரிகிறது.

படிவம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கேட்கிறது
எதனால் செய்தது, எதனால் செய்தது.
பள்ளிக்கூடத்தில் நான் மனப்பாடம் செய்தது வேறு.
தோற்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி,
இதற்குத் துளைக்கருவி.
தோலும் நரம்பும் வெண்கலமும் கையில் தட்டுப்படும்.
இதற்கு மட்டும் இல்லாததை வைத்துப் பெயர்.
வெள்ளியா எலும்பா வாளியா, நாங்கள் கேட்டதே இல்லை.
அந்தக் கணக்கில் டிரம்பெட்டும் துளை, சங்கும் துளை;
டாப்ரே ஒத்துக்கொள்ள மாட்டார்.
துளைக்கு எத்தனை சதவீதம் போடுவது?
தராசில் வைக்க முடியாது.

பித்தளை என்று எழுதினாலும் மரம் என்று எழுதினாலும்
வரி ஒன்றுதான் என்று பிங்ளே கண்டுபிடித்தபோது
மணி நாலே முக்கால்.

"ஊதிப் பார்க்கட்டுமா?"
பரிசோதனைக் கூடத்தில் ஊதக் கூடாது என்றேன்.
அப்படி ஒரு விதி இருக்கிறதா, தெரியாது.
அவர் தலையாட்டிவிட்டு
ஊதாமல் விரல்களை மட்டும் ஓட்டினார்.
மூடிகள் துளைகளின் மேல் விழுந்து விழுந்து எழுந்தன
டப டப டபவென்று,
கூரை மழை எது அது எது என்று பிரிக்க முடியாமல்.
இருபது வரை எண்ணினேன், பிறகு தப்பிவிட்டது.

எண்ணிக்கை: நான்கு, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
துளைகளுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.