ஒன்றே முக்கால் மில்

முப்பத்தைந்து மடங்கு வேண்டுமாம்
மத்தர் பின் சுஹைலுக்கு.
"நிலாவில் எறும்பு ஊர்ந்தாலும் தெரியணும்."
அக்டோபரில் கஜகஸ்தான், மலையாட்டு வேட்டை.
அதற்குமுன் ஒரு மாதம்
அல் ஐனுக்கு வெளியே
ஆயிரம் மீட்டர் களத்தில் பழக்கம்.

நான் கடைச் சிப்பந்தி.
விலை ஏற ஏறக் கமிஷன்.
ஆனாலும் வாய் சும்மா இருப்பதில்லை:

இந்த மண்ணில் காலை பத்துக்கு மேல்
முப்பத்தைந்தில் வைத்தால்
இலக்கு தெரியாது,
அது வேகிறது மட்டும் தெரியும்.
பதினைந்துக்கு இறக்குங்கள்.
கானல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ
காற்றும் அந்தப் பக்கம்.
கொதித்து நேரே எழுந்தால்
காற்றே இல்லை,
இல்லையென்றால் உங்கள் முதுகில்.

மலையில் சுமக்கப்போவது நீங்கள்;
கண்ணாடிக்கும் எடை உண்டு.
குழல் கொஞ்சம் குட்டையாகவே இருக்கட்டும்.
விசையைப் பூப்போல வைக்காதீர்கள்,
குளிரில் மரத்த விரலுக்கு
அது எப்போது அழுந்தியது என்றே தெரியாது.
கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே
நாலு விரற்கடை. குறையக் கூடாது.

எல்லாம் கேட்டார்.
எனக்கும் ஒரு குவளை கஹ்வா ஊற்றினார்.
முப்பத்தைந்தையே வாங்கினார்.

அடுத்த வியாழன் வந்தபோது
வலப் புருவத்தின்மேல்
பிறைபோல் ஒரு வெட்டு, மூன்று தையல்.
நான் எதுவும் கேட்கவில்லை.
"மூணு விரல்தான் இருந்தது" என்றார்.

களத்துக்கே போய்ப் பின்னால் தள்ளி மாட்டினேன்.
திருகைத் திருப்ப ஒவ்வொரு 'டக்'குக்கும்
ஆயிரத்தில் பத்து சென்டிமீட்டர்.
ஐந்தாவது தோட்டா இரும்பில் விழுந்தது.
ஓசை வந்து சேர மூன்று நொடி.
அவர் குழந்தைபோல் சிரித்தார்.

சூடு நிறுத்தி, சிவப்பு விளக்கு எரிந்தபின்
தகடுகளுக்கு வெள்ளையடிக்க
சேவுகன் நடந்து போனான்.
வாளி, பிரஷ், தலையில் ஈரத் துண்டு.
வாக்கி டாக்கியில் கரகரத்தான்:
"அண்ணே, தெரியிறனா?"

தோட்டா இல்லை.
போல்ட்டும் வெளியே, மேசைமேல்.
இருந்தாலும்
நான்கு திருகையும் தளர்த்தி
ஸ்கோப்பைத் தனியே கழற்றினேன்.
"பைத்தியமா? சுழியம் போய்விடுமே!"
மத்தர் பதறினார்.
போகட்டும்.

முழங்கையை மணல்மூட்டையில் ஊன்றி
வெறும் கண்ணாடியாகப் பிடித்துப் பார்த்தேன்.
கானலில் கால்கள் கரைந்து கரைந்து கூடின.
நடுக்கோட்டிலிருந்து எண்ணினால்
உச்சந்தலைவரை
ஒன்றே முக்கால் மில்.
அவன் உயரம் எனக்குத் தெரியும்,
அறையில் அவன் படுப்பது மேல்கட்டில்,
கால் வெளியே நீளும்.

"தெரியிறடா.
இடது ஓரம் பெயிண்ட் படலை."

திரும்பிப் பார்த்துப் பிரஷை ஆட்டினான்.
அடிக்கப் போனவன் நின்று
மறுபடியும் ஆட்டினான்.

மீண்டும் மாட்டிச் சுழியம் பிடிக்க
நாலு தோட்டா செலவு.
மத்தர் கணக்குச் சீட்டில்
அதை என் பெயரில் எழுதச் சொன்னேன்.