முப்பத்தொன்றாம் நாள்

பன்னிரண்டு மாத வாடகை என்று
கணக்கெழுதி வாங்கினாள் பெர்னிஸ்,
டுலூத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
ஜனவரிக்கென்று தனியே
ஒரு வரி விடவில்லை.

மாடியில் இருந்தவன் சொல்லாமல் போனான்,
ஹீட்டரை அணைத்துவிட்டு.
சாவியை மட்டும் ஒழுங்காகத்
தபால்பெட்டியில் போட்டிருந்தான்.

சுவருக்குள் குழாய் வெடித்தது.
சமையலறைக் கூரை
ஊறிய ரொட்டியாய்த் தொங்கியது.
காப்பீட்டுக்காரர் கேட்டார்,
"ஆளில்லாமல் எத்தனை நாள்?"
விரல்விட்டு எண்ணினாள்.
முப்பத்தொன்று.
பாலிசி முப்பதோடு சரி.

வட்டிக்குக் குளிரெடுப்பதில்லை.

இப்போது கீழ்வீட்டில்
வாளிக்குப் பக்கத்தில் படுக்கிறாள்,
கோட்டைக் கழற்றாமல்.
பனி அள்ளிக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஆர்வோ
"புதுசாய்க் குடிவந்தீங்களா?" என்றார்.
ஆமாம் என்றாள்.

"வீட்டுக்காரர் எப்படி?"

"முதல் தேதி மட்டும் பேசுவார்."