நாலு, அஞ்சு

ஐந்து நான்கைவிடப் பெரிது.
பர்கூர் அரசுப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக
இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.
அதனால், கடைக்காரர் மேசைமேல் இரண்டு டப்பாவை வைத்து
'ஜிஎல் நாலா, ஜிஎல் அஞ்சா டீச்சர்?' என்றபோது
யோசிக்கவே இல்லை.
நாற்பது ரூபாய் கூட. இருக்கட்டும்.

அது போன பங்குனி.
இந்தப் பங்குனியில்
இரண்டாவது கியர் விழும்போதெல்லாம்
யாரோ தகர டிரங்குப் பெட்டியைத்
தரையோடு இழுக்கிற சத்தம்.

ஜோங்கா. ராணுவ ஏலத்தில் எடுத்தது.
ஆறு பவுன் சங்கிலியின் விலை என்று
அக்கா அன்றே கணக்குச் சொல்லிவிட்டாள்.
கதவில் பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை,
சுரண்டினால் மணல் நிறம்.
எந்தப் பாலைவனம் என்று
பதிவுப் புத்தகத்தில் இல்லை.

மெஹபூப் அடியில் படுத்துத் திருகைக் கழற்றினான்.
தட்டில் கறுப்பாக இறங்கியது எண்ணெய்.
வெளியே இழுத்து வெயிலில் சாய்த்தான்.
மினுமினுத்தது.
ஜரிகையைப் பொடித்துத் தூவின மாதிரி.
'அழகா இருக்கே' என்று சொல்லித் தொலைத்தேன்.
'அது உங்க கியர்பாக்ஸ் டீச்சர்.'

அஞ்சில் கந்தகம் தூக்கலாம்.
இரும்போடு இரும்பு கடிபடாமல் காக்குமாம்.
காத்துக்கொண்டே
உள்ளிருக்கும் பித்தளை வளையத்தைத் தின்னுமாம்.

நிரூபி என்றேன். தொழில் புத்தி.

லண்டன்பேட்டை மோட்டார் காயில் கடையில்
ஒரு முழம் செம்புக் கம்பி.
ஊறுகாய் பாட்டில் இரண்டு.
ஒன்றில் நாலு, ஒன்றில் அஞ்சு.
மணல் சட்டியில் புதைத்து
மூன்று மணி நேரம் சிறு தீ.
வீடே தீப்பெட்டிக்குள் போனது போல் நாறியது.
கீழ் வீட்டு பிரமிளா
'என்ன குழம்புங்க?' என்று ஏறி வந்தாள்.
வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசிவரை நின்றாள்.
நாலில் இருந்த கம்பி
புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு.
அஞ்சில் இருந்தது
நாவல்பழம் தின்ற நாக்கு.

சரி. நாலு.
ஆனால் தொண்ணூறா, நூற்று நாற்பதா?

வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன்.
எந்த எண்ணெய் என்று எழுதிய வரியின்மேல்தான்
யாரோ ஒரு சிப்பாய்
எண்ணெயைக் கொட்டியிருக்கிறான்.

மெஹபூப் கட்சி, நூற்று நாற்பது.
'சித்திரையில டோல்கேட் தாண்டிப் பாருங்க,
தொண்ணூறு மோரா ஓடும்.'
நான் தளியை நினைத்தேன்.
மார்கழி, விடிகாலை ஐந்தரை.
நூற்று நாற்பது அங்கே வெல்லப்பாகு.
பல்லும் பல்லும் அதில் புதைந்து
எழுந்திருக்க மாட்டேன் என்னும்.
தேர்வுப் பணிக்கு அங்கே போகிறவள் நான்.
அவன் இல்லை.

தொண்ணூறு.

பழைய கடையில் கேட்டால்
'நாலை இப்ப யாருங்க கேக்கறா?'
ஓசூரில் நாளை வரும் என்றார்கள், இரண்டு முறை.
கடைசியில் காவேரிப்பட்டணத்தில்
டிராக்டர் சாமான் விற்கிற சின்னப்பாப்பா
ஏணி போட்டு ஏறி
ஒட்டடையோடு மூன்று டப்பா இறக்கினார்.
'கியர் ஆயில் நாலு எதுக்குங்க, ஏர் ஓட்டவா?'
போர் வண்டிக்கு என்றேன்.
போர் போடுகிற லாரி என்று எடுத்துக்கொண்டு
'எத்தனை அடியில தண்ணி வந்துச்சு?' என்றார்.

அளவுக்குக் குவளை கிடையாது.
பக்கவாட்டுத் துளையில் சுண்டுவிரலை விட்டு
நுனி நனைகிறவரை ஊற்ற வேண்டும்.
நானே ஊற்றினேன், நானே விட்டேன்.
நனைந்தது.

ராயக்கோட்டைச் சாலை மேட்டில் இரண்டாவது கியர்.
சத்தம் இருந்தது.
தின்றது தின்றதுதான், முளைக்காது.
ஆனால் டிரங்குப் பெட்டியை இப்போது
பக்கத்து வீட்டில் இழுக்கிறார்கள்.

திங்கட்கிழமை, ஆறாம் வகுப்பு.
எண்கோட்டில் பெரியதை வட்டமிடச் சொன்னேன்.
தேன்மொழி ஐந்தை வட்டமிட்டு நிமிர்ந்தாள்.
ஒரு கணம் பேனா இறங்கவில்லை.
'தப்பா மிஸ்?'
சரிதான் என்று டிக் போட்டேன்.
சுண்டுவிரல் பட்ட இடத்தில்
தாள் கண்ணாடியாகி
அடுத்த பக்கத்துக் கணக்கு தெரிந்தது.