தொழில் என்ற கட்டம்

புதுக்கடை நீதிமன்றத்துக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடையின் முதுகில் ஒட்டிக்கிடக்கும் அறை.
பக்கத்துக்கு இவ்வளவென்று
சத்தியம் செய்து மொழிபெயர்ப்பவள் நான்.

செவ்வாய்க்கிழமை. மழை.
முகத்துவாரத்திலிருந்து வீரமலை வந்தார்.
பொலித்தீன் பைக்குள் பிறப்புச் சான்றிதழ்,
மெல்பேர்னில் மகள்,
பேரன் பிறந்து நாற்பது நாள்.
படிவத்தில் ஒரு கட்டம்: தொழில்.

“பூசாரி” என்றார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
“பகல்ல துறைமுகத்துல மூட்டை.
அத எழுத வேணாம்.”

அகராதியை எடுத்தேன், செங்கல் கனம்.
பிரீஸ்ட் என்ற சொல்லைக் கிண்டினால்
அடியில் ஒரு கிழவன் உட்கார்ந்திருக்கிறான்,
வெறும் மூப்பன்.
பிஷப், மேலிருந்து பார்க்கிறவன்.
கார்டினல், கதவுக் கீல்.
சப்ளேன், கிழிந்த போர்வையின் பாதி.
விகார் என்றால் பதிலுக்கு நிற்பவன்.
அந்தச் சொல்லில்தான் எங்கள் தட்டச்சுப் பிள்ளை
ஒரு ‘ரை’யைக் கூட்டி
மட்டக்குளி அங்கிலிக்கன் குருவை
விகாரைக்கு அனுப்பிவைத்தாள்.
மினிஸ்டர் இன்னும் மோசம்.
மெதடிஸ்த போதகர் ஒருவர்
உறுதிப்பத்திரத்தில் அமைச்சராகி,
மூன்று வாரம் வாகனத்துக்குக் காத்திருந்தேன் என்று
சொல்லிச் சிரித்தார்.

எங்கள் பக்கமும் ஒழுங்கில்லை.
வெள்ளவத்தையில் பூணூல் போட்டவரும் ஐயர்,
வெள்ளைக் கழுத்துப்பட்டி போட்டவரும் ஐயர்.
கருவறையில் இருப்பது சாமி,
கொச்சிக்கடையில் பாவசங்கீர்த்தனம் கேட்பவர் சாமி,
கார்த்திகையில் கறுப்பு வேட்டியோடு
பஸ்ஸில் தள்ளி உட்காரச் சொல்லும்
பக்கத்து வீட்டுப் பையனும் சாமி.

இரண்டாம் பக்கத்தில் தூதரகம் கேட்டிருந்தது:
உம்மை அபிஷேகம் செய்தவர் யார், எந்த ஆண்டு?

வீரமலை யோசித்தார்.
“அம்மாளுக்கு நான் செய்றேன்.
எனக்கு யாரு செய்வா?”

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

“எம்பத்தி மூணுல கோயில எரிச்சாங்க.
பூசாரி கப்பல்ல ஏறிப் போயிட்டாரு.
வெளக்கு அணையக் கூடாதேன்னு
நான் எண்ணெய் ஊத்துனேன்.
இன்னும் ஊத்துறேன்.”

விகார் இருந்த பக்கத்தை
மறுபடி திறந்தேன். மூடினேன்.
கட்டத்தில் பிரீஸ்ட் என்று அடித்தேன்.
அவர் வாயில் போட்டு உருட்டிப் பார்த்தார்:
“கடுகு வெடிச்ச மாதிரி இருக்கு.
விசா குடுப்பானா இதுக்கு?”

பிளேன்டீ வந்தது. காசில் பாதிதான் வாங்கினேன்.

என்னிடமும் ஒரு தாள் உண்டு,
அலமாரியில், கூறைக்கு அடியில்.
ரோமிலிருந்து வந்தது.
என் கணவரைக் குருத்துவக் கடமைகளிலிருந்து
விடுவிப்பதாகச் சொல்கிறது.
அதற்கு ஆங்கிலத்தில்
கை கழுவித் துடைத்த, நீளமான சொல்லொன்று இருக்கிறது.
தமிழில் என் மாமி சொன்னது:
சட்டையைக் கழற்றினவன்.
ஊர்பட்ட விவாகரத்து, மரணம், காணி எல்லாம்
முத்திரை குத்தி மொழிபெயர்த்தவள்
பத்தொன்பது வருடமாய்
அந்தத் தாளைத் தொடவில்லை.

ஞாயிறு, கொட்டாஞ்சேனைச் சந்தை.
பாரையின் செவுளைத் தூக்கிக் காட்டி
பிலோமினா கூவுகிறாள்:
“சாமி, இஞ்ச பாருங்க சாமி, புதுசு!”
சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

அவர் திரும்பிவிட்டார்.