தடித்த எழுத்து

அளவு மீறினால் மட்டும்
எங்கள் லேப் கம்ப்யூட்டர்
எண்ணைத் தடித்த எழுத்தில் அடிக்கும்.
என் 2.8 மெல்லிசாகவே வந்தது,
மூன்றாவது முறையும்.

செக்காலை ரோட்டில் சித்திரை வெயில்.
ஃபேனை நிறுத்திவிட்டேன் என்று
சௌந்தரவல்லி என்னோடு பேசுவதில்லை.
ஊசி குத்தும் அவள் கைக்கு வியர்க்கிறது,
டைப் அடிக்கும் என் விரலுக்கு விறைக்கிறது.
இருபத்து நான்கு வயது.
"அடுத்தது லெட்சுமணன்" என்று கூப்பிட்டால்
பாதி லெட்சுமணன்
தொண்டையிலேயே நின்றுவிடுகிறார்.

பொங்கலுக்குத் தைத்த ரவிக்கைக்கு
மாசியில் கொக்கி எட்டவில்லை.
வெளியே ஏதும் வாங்கித் தின்கிறேனா என்று
அம்மா என் பையைத் துழாவுகிறாள்.
கிடைப்பது பஸ் டிக்கெட்டும்
சீப்பில் சுற்றிய முடியும்.
பத்து மணி நேரம் தூங்கி எழுந்தால்
பத்து மணி நேரம் மூட்டை தூக்கிய உடம்பு.

டாக்டர் கழுத்தைத் தொட்டு
எச்சில் விழுங்கச் சொன்னார்.
விழுங்கினேன்.
"ஒண்ணுமில்லம்மா" என்றார்.
"வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்களா?"
இரண்டுக்கும் சேர்த்து
ஒரே சத்து மாத்திரை.

போன வாரம் கோட்டையூர் அக்கா ஒருத்திக்கு
நாற்பத்தொன்று. கன்னங்கரேல் என்று தடித்திருந்தது.
அவள் அழுதாள்.
நான் அந்தத் தாளை
உடனே கொடுக்காமல்
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
அது என்ன என்று எனக்குத் தெரியும்.
அதை எந்தக் குழாயில் பிடித்து
எந்த மெஷினில் வைப்பது?

பள்ளத்தூரில் எங்களுக்குப் பக்கத்து வீடு
பூட்டிக் கிடக்கிறது. அறுபத்தாறு கதவாம்.
காற்றடித்தால் உள்ளே எங்கோ ஒன்று
படார் படார் என்று மோதும்.
காவலுக்கு வரும் சேவுகன்
வாசல் பூட்டை இழுத்துப் பார்த்து
நோட்டில் 'சரி' என்று எழுதுவார்.

நேற்று ராத்திரி
ஸ்வெட்டரோடு இறங்கிப் போய்க் கேட்டேன்:
"உள்ள அடிக்குதே, கேக்குதா?"

"கேக்காம என்ன.
எந்தக் கதவுன்னுதான் பிடிபடல.
சாவி கோலாலம்பூர்ல கெடக்கு."

நோட்டில் அன்றைக்கும் 'சரி'தான் எழுதினார்.
எழுதிவிட்டு டார்ச்சை அணைத்தார்.
நான் போகவில்லை. அவரும்
போ என்று சொல்லவில்லை.
ஏதோ ஒரு வண்டி மெயின் ரோட்டில் கடந்தது.
பிறகு காற்று.

"இந்தா," என்றார் விரலைத் தூக்கி,
"இப்ப."